எண்ணெய் எஞ்சின் தடுமாறினால்

(கூட்டேரிப்பட்டில் ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் முன் நிகழ்த்திய உரை)



மணிலாப் பயிர் விழுது இறக்கும் பருவத்தில் பாய்ச்சல் தவறினால் காய் குறையும் என்பதைத் திண்டிவனம் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுவதில்லை. அந்த வேளையில் கிணற்றடி எஞ்சின் 'மிஸ்ஸிங்' அடிக்கத் தொடங்கினால், மெக்கானிக் வரும் வரையில் பயிர் காத்திராது. எனவே, எஞ்சின் தடுமாறும் காரணத்தை வீட்டிலேயே கண்டறிந்து, கைக்கு அடங்கியதை நாமே சரிசெய்துகொள்ளும் வகையைப் பற்றி இன்று பேசுவோம். மின்சாரம் வந்துவிட்ட பின் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இணைப்புக்குக் காத்திருப்போரும், குளத்திலிருந்து இறைப்போரும், புயலுக்குப் பின் மின்கம்பம் சாய்ந்து கிடக்கக் கண்டோரும் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்று நெருக்கப்பட்டு 500 டிகிரிக்கும் மேலாகச் சூடேறும். அதில் நாசில் டீசலைப் பனிபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்ளும். நிமிஷத்திற்கு 1500 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் இது 750 முறை நிகழ வேண்டும். சில முறை தவறினாலும் காது கண்டுபிடித்துவிடும். (இந்த எஞ்சினுக்கும் மணிலாவுக்கும் பழைய உறவு உண்டு. 1900ஆம் ஆண்டில் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். அதைக் கேட்டு எவரும் டாங்கியில் கடலை எண்ணெயை ஊற்றிவிட வேண்டாம்; நாசில் கரி கட்டிக்கொள்ளும்.)

ஸ்பேனரை எடுக்குமுன் புகையைப் பாருங்கள். வெண்புகையும் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால், டீசல் எரியாமல் போகிறது, அல்லது அதில் நீர் கலந்திருக்கிறது. கரும்புகை, சுமை மிகுதியையோ காற்று வடிகட்டி அடைத்திருப்பதையோ காட்டும். நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது. அது வீட்டில் தீரும் நோயன்று.

நாம் கண்ட அளவில், பெரும்பாலான தடுமாற்றம் எரிபொருள் வழியிலேயே பிறக்கிறது. தூசியும் நீரும் காற்றுமே அங்குள்ள பகைவர்கள். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய மழைக்குப் பின் டாங்கியை நம்பலாகாது. அடியிலிருந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துக் கால்மணி நேரம் அசையாது வையுங்கள். நீர் இருந்தால் அடியில் தனியே நிற்கும். அவ்வாறு நின்றால் டாங்கியை முழுதும் வடித்துக் கழுவி, வடிகட்டியின் உட்பகுதியை மாற்ற வேண்டும். எஞ்சினே வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ, கைப்பிடியைச் சுற்றவே கூடாது. உருளைக்குள் நீர் நின்றால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

டாங்கி வற்றும் வரை ஓட்டினால் 'ஏர் பிடித்துவிட்டது' என்போம். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் ஒரே சீராக வழியும்போது இறுக்குங்கள். பின்பு பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்து, கைப்பிடியைச் சுற்றினால் நாசிலில் 'கிர்' என்னும் ஒலி கேட்க வேண்டும். மீண்டும் மீண்டும் காற்றுப் புகுந்தால் தாமிர வாஷரையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். சில காசு பெறும் வாஷருக்காக எஞ்சினையே பிரித்தவர்கள் உண்டு.

எரிபொருள் வழி சுத்தமாக இருந்தும் தடுமாற்றம் நீங்காவிடில், டீசலை அடைத்துவிட்டுக் கைப்பிடியை மெல்லச் சுற்றுங்கள். நெருக்கம் வரும் இடத்தில் சக்கரம் வில்போல் எதிர்த்துத் தள்ளினால் நலம். தள்ளாமல் வழுகிச் சென்றால், வால்வோ பிஸ்டன் வளையமோ கசிகிறது. வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியபின், பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டால், கம்பெனிப் புத்தகத்திலுள்ள அளவுக்குச் சரிசெய்யலாம். வளையம் என்றால் பட்டறைதான்.

மூன்று உருளை டிராக்டர் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் முறையே அரைச்சுற்றுத் தளர்த்தி, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். எதைத் தளர்த்தியபோது சத்தம் மாறவில்லையோ, அந்த உருளையே வேலை செய்யாதது. அப்போது முகத்தையும் கையையும் விலக்கி, நட்டின்மேல் துணியைப் போர்த்துங்கள். நாசிலிலிருந்து டீசல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தில் பாய்கிறது. அது தோலைத் துளைத்து உள்ளே புகுந்தால், காயம் ஊசிக்குத்துப் போலத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரலையே இழக்க நேரிடும். நாசிலின் அழுத்தத்தையும் பம்பின் அளவையும் வீட்டில் தொடாதீர்கள். சோதனைக் கருவி இல்லாமல் அவற்றைத் திருத்த இயலாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பீலர் கேஜ், ஒரு ஸ்பேனர் வரிசை, சில அளவுத் தாமிர வாஷர்கள், நல்ல புனல் வடிகட்டி ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்று இரவல் கொடுங்கள். ஆளுக்கொன்று வாங்க வேண்டிய பொருள்கள் அல்ல அவை.

வெளியே ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை நிறுத்தியிருக்கிறோம். வடிகட்டியைக் கழற்றிக் காட்டுகிறோம். ஐயங்களை அங்கேயே கேட்கலாம்.