கருப்பட்டிக் கரைசலில் ஒரு கேள்வி

பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் உடன்குடி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாவிட்டால் அதே பாளைச் சாறு நொதித்துக் கள்ளாகிவிடும். ஏன் என்று கேட்பதிலிருந்தே இவ்வட்டாரத்தில் மேல்நிலை உயிரியல் பாடத்தைத் தொடங்கலாம்.

கள்ளுக்குத் தடையுள்ள மாநிலம் என்பதால், வகுப்பறைக்குக் கருப்பட்டிக் கரைசலே போதும். இரண்டு பாட்டில்களில் கரைசலும் ஈஸ்டும் இட்டு, ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு சேர்த்து, இரண்டின் வாயிலும் பலூன் மாட்ட வேண்டும். சுண்ணாம்பில்லாத பாட்டிலின் பலூன் மெல்ல உப்பும். மற்றது துவண்டு கிடக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்டை முடக்கிவிட்டது என்று உடனே எழுதத் தோன்றும். அவசரம் கூடாது. வெளிவந்த கரியமில வாயுவைச் சுண்ணாம்பே உறிஞ்சியும் இருக்கலாமே?

நல்ல ஆசிரியர் இந்த இடத்தில் விடை சொல்லமாட்டார். கண்டுபிடிக்கும் வழியை மாணவரையே யோசிக்க வைப்பார். இரண்டு பாட்டில்களிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, மெத்திலீன் நீலம் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு வழி. செத்த செல் நீலமாகவே நிற்கும். உயிருள்ளது நிறமற்றுத் தெரியும்.

இத்தகைய ஆய்வுகளைச் சிறுவர்கள் கொண்டுசெல்ல, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993இல் தொடங்கப்பட்டது.