தசை யார் சொல் கேட்டு வளர்கிறது?



1889 ஜூன் மாதம், பாரிசின் உயிரியல் கழகத்தில் 72 வயது பிரவுன்-செக்கார் பேச எழுந்தார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டதாகவும், மாடிப்படியை ஏறக்குறைய ஓடியே ஏற முடிவதாகவும், முன்கை வலு கூடிவிட்டதாகவும் அறிவித்தார். நரம்பியலில் பெரும்பெயர் பெற்றவர் என்பதால் பலர் நம்பினார்கள். ஆனால் விந்தகம் சுரக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. அவர் வடித்த நீர்ச்சாற்றில் பயன்தரும் அளவுக்கு அது இருந்திருக்க வழியில்லை.

அந்த ஹார்மோனைத் தனியே பிரித்தெடுத்தது 1935இல். தசையில் அதன் வேலையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட மேலும் அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1996இல் ஷலேந்தர் பாசின் குழு, உடல் இயல்பாகச் சுரப்பதைப்போல் பல மடங்கு, அதாவது வாரம் 600 மில்லிகிராம் வீதம், பத்து வாரம் கொடுத்துப் பார்த்தது. ஊசி மட்டும் போட்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை 3.2 கிலோ ஏறியது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.9 கிலோ; இரண்டும் சேர்ந்தபோது 6.1 கிலோ.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு, பயிற்சியின்போது சற்று நேரம் ஏறி இறங்கும் ஹார்மோனும் அதே வேலையைச் செய்யும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லிவிட்டார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வெஸ்டும் பிலிப்சும் அதைச் சோதித்த விதம் அழகானது. பன்னிரண்டு இளைஞர்கள். ஒரு நாள் ஒரு கைக்கு மட்டும் எடைப்பயிற்சி. வேறொரு நாள் மறு கைக்கு அதே பயிற்சி. உடனே கால்களுக்கும் கடும் பயிற்சி. காலுக்கு உழைத்த நாளில் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் எகிறின. பதினைந்து வாரம் இப்படியே தொடர்ந்தபின் அளந்தபோது இரு கைகளும் ஒன்றுபோலவே பருத்திருந்தன, வலுவும் அப்படியே. அந்தச் சிறு ஏற்றம் எதையும் கூட்டவில்லை. சுமையைத் தாங்கிய தசைதான் வளர்ந்தது.

தன் வளர்ச்சிக்குத் தசையே ஒரு கடிவாளமும் வைத்திருக்கிறது: மயோஸ்டாட்டின் என்னும் புரதம். அதற்கான மரபணுவை நீக்கிய எலிகளின் தசை இரண்டு மூன்று மடங்கு பெருத்ததை 1997இல் சே-ஜின் லீ குழு காட்டியது. பெல்ஜியன் புளூ மாடுகளின் முறுக்கேறிய உடலுக்கும் அதே மரபணுவின் பழுதே காரணம்.

இந்த மாநாடு கூடுதல் நேரம் தர வேண்டிய பக்கம் இன்னொன்று: தசை கரைவது. இன்சுலின் தசைப் புரதம் சிதையாமல் காக்கிறது. இன்சுலின் மருந்தாக வந்த 1922க்கு முன் நீரிழிவுக் குழந்தைகள் எலும்பும் தோலுமாக உருகியதற்கு அது இல்லாமற்போனதே காரணம். கார்டிசால் நேரெதிர். ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் கார்டிசாலைப் போலவே செயல்படும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு இடுப்பு, தொடைத் தசைகள் முதலில் தளர்கின்றன. தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. குத்துக்காலிட்டு அமர்ந்தால் சுவரைப் பிடிக்க வேண்டும். வயதாகிவிட்டது என்று அவரும் வீட்டாரும் நினைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தவறாமல் பார்க்கும் மருத்துவர், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ அவருக்கு எத்தனை நொடி ஆகிறது என்றும் பார்க்கலாம். அதற்குக் கடிகாரம் ஒன்று போதும். அந்த அளவைச் சிகிச்சையின் முதல் நாளிலேயே குறித்துவைக்கும் வழக்கத்தை இங்கு வந்துள்ள மருத்துவர்கள் தத்தம் மருத்துவமனைகளில் தொடங்க வேண்டும்.