காலில் கட்டுவது காப்பா, விலங்கா?

(வடமாலபேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 280க்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டினார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதற்குள் பலருக்குச் சிறையிலேயே இரண்டாண்டு போய்விட்டது.

ஜாமீன் என்றால் நிலம் வேண்டும், வீடு வேண்டும், கையெழுத்துப் போட உள்ளூர்க்காரர் வேண்டும். பிழைக்க வந்தவனுக்கு இதெல்லாம் ஏது?

இப்போது புது வழி சொல்கிறார்கள். காலில் ஜி.பி.எஸ். பட்டையைக் கட்டி வெளியே விடலாமாம். 2023 நவம்பரில் ஜம்முவில் நீதிமன்ற உத்தரவின்படி ஒருவருக்குக் கட்டியும் விட்டார்கள். அதே ஆண்டு மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம், பட்டை கட்டச் சம்மதிக்கும் கைதிக்கு விடுப்புத் தரலாம் என்கிறது.

சிறைக்கு இது மேல்தானே என்பீர்கள். மேல்தான். ஆனால், பட்டையை நடத்தப்போவது யார்?

பிரிட்டனில் தனியார் கம்பெனிகளிடம் விட்டார்கள். ஜி4எஸ், செர்கோ இரண்டும் பட்டையைக் கழற்றியவர், சிறைக்குத் திரும்பியவர், செத்துப்போனவர் பெயரிலும் அரசுக்குப் பில் போட்டது 2013இல் அம்பலமானது. செர்கோவின் துணைக் கம்பெனிக்கு 2019இல் 1.92 கோடி பவுண்டும், ஜி4எஸ் துணைக் கம்பெனிக்கு 2020இல் 3.85 கோடி பவுண்டும் அபராதம்! அரசாங்கத்தையே ஏய்த்தவன், நாள்கூலிக்காரனை விட்டுவைப்பானா? அமெரிக்காவில் பல இடங்களில் பட்டைக்கு நாள் வாடகை, அதைச் சுமப்பவர் தலையில்தான். கட்ட முடியாதவர் மறுபடி சிறைக்குப் போக நேர்கிறது.

நம் கையில் ஒரு பிடி இருக்கிறது. ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தைப் போலீஸ் எந்நேரமும் வேவு பார்க்கும்படி நிபந்தனை விதிக்கக் கூடாது என்று 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் ஏழைக்கும் உண்டு என்பதே அதன் பொருள்.

ஆகவே நாம் கேட்பது இவை: பட்டைச் செலவு அரசுடையது, தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. கம்பெனியின் கணக்கை அரசு தணிக்கை செய்ய வேண்டும். கருவி பழுதானால் பழி கம்பெனிக்கு. வழக்கு முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும். சொத்து ஜாமீன் தர முடியாத ஏழையைச் சொந்தப் பிணையில் விட முடியுமா என்று பார்த்த பிறகே பட்டைப் பேச்சை எடுக்க வேண்டும்.

முதலில் சட்டம் வரட்டும். கம்பெனி பிறகு வரட்டும். இந்த வரிசை மாறினால், காப்பு என்று சொல்லி நம் காலில் மாட்டுவது விலங்காகத்தான் இருக்கும், தோழர்களே!