ஒரு வினாவும் ஒரு மாணவரும்

(மாணவர் மன்றமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



கேட்போரைத் தம் கருத்தின்பால் ஈர்க்கும் கட்டுரையொன்று எழுதி வருக என ஆசிரியர் பணித்தவுடன், மாணவர் பெரும்பாலும் பெரிய தலைப்பைத் தேடி ஓடுகின்றனர். உலக அமைதி என்பர். கல்வியின் சிறப்பு என்பர். ஒழுக்கத்தின் உயர்வு என்பர். இவற்றை மறுப்பார் யார்? மறுப்பாரே இல்லாத இடத்தில் வழக்குரைக்கு என்ன வேலை? அங்கே வாழ்த்துக்கு இடமுண்டு, ஏரணத்திற்கு இடமில்லை.

இதனினும் கொடிய பிழை ஒன்றுண்டு. முடிவை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற மேற்கோள்களை மட்டும் பொறுக்கியெடுப்பது. மேடையில் பழகிய அடுக்குமொழி இப்பிழையை எளிதில் மறைத்துவிடும். அதுவே அதன் கேடு.

1785ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பீட்டர் பெக்கார்டு, இலத்தீன் கட்டுரைப் போட்டிக்கு ஒரு வினாவைத் தந்தார். மாந்தரை அவர்தம் விருப்பிற்கு மாறாக அடிமைப்படுத்தல் முறையாகுமா என்பதே அது. தாமசு கிளார்க்சன் என்னும் 25 அகவை இளைஞர் முந்தைய ஆண்டும் அங்கே இலத்தீன் கட்டுரைக்குப் பரிசு பெற்றவர். பெற்ற பெயரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதன்றி வேறு நோக்கம் அவர்க்கு அப்போது இல்லை. அடிமை வணிகம் பற்றி அவர் ஏதும் அறியார். இதனைப் பின்னாளில் அவரே மறையாது எழுதி வைத்தார்.

வினாவோ பொதுவானது. கிரேக்கர், உரோமர் காலத்து அடிமைமுறையைப் பழைய நூல்களிலிருந்து எடுத்தெழுதி அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தம் நாட்டுக் கப்பல்களே அந்நாளில் நடத்திவந்த ஆப்பிரிக்க அடிமை வணிகத்தின்மேல் அவ்வினாவைத் திருப்பினார். தலைப்பைத் தேர்தல் என்பது இதுதான்: தொலைவில் நிற்கும் பெரும்பொருளைக் கண்முன் நிற்கும் ஒரு வினாவாகக் குறுக்குதல்.

பிறகு சான்று தேடினார். அவ்வணிகத்தில் ஈடுபட்டிருந்து இறந்துபோன நண்பரொருவரின் கைத்தாள்கள் கிடைத்தன. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்ட படைத்தலைவர்களை வினவினார். ஒருநாள் செய்தித்தாளில், பிலடெல்பியா நகரப் பள்ளியாசிரியர் அந்தோணி பெனசெட்டு, கினிக் கடற்கரை பற்றி எழுதிய நூலின் விளம்பரத்தைக் கண்டார். உடனே இலண்டனுக்கு விரைந்து அதனை வாங்கினார். அந்நூலோடும் அமைந்துவிடவில்லை. அது சுட்டிய, ஆப்பிரிக்காவை நேரிற் கண்டோர் எழுதிய மூலநூல்களையும் தேடிப் படித்தார். பிறர் எடுத்தாண்ட மேற்கோளையே தாமும் எடுத்தாள்வோர் இங்கே சற்று நின்று எண்ணுக.

படிக்கப் படிக்கப் பரிசு பின்னே சென்றது. துயரம் முன்னே வந்தது. இரவில் எழும் எண்ணங்களை உடனே எழுதிவைக்க, அறையில் மெழுகுத்திரியை எரியவிட்டே உறங்கினார். முதற்பரிசும் பெற்றார். கட்டுரையைப் பல்கலைக்கழக அவையில் படித்துவிட்டு இலண்டன் நோக்கிக் குதிரையிற் செல்லும்போது, வேட்சுமில் என்னும் ஊரருகே இறங்கிச் சாலையோரம் அமர்ந்தார். எழுதியவை மெய்யாயின், இக்கொடுமைகளை யாரேனும் ஒருவர் முடிவுக்குக் கொண்டுவர வேண்டுமே என்ற எண்ணம் அங்கே அவரைப் பற்றியது.

இலத்தீனில் இருந்தவரை அக்கட்டுரை கற்றோர் சிலரின் பாராட்டுக்குரியதாகவே இருந்தது. 1786இல் அதனைத் தம் மக்கள் பேசும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட பின்னரே அது நாட்டினரிடம் சென்றது. தாய்மொழியின் ஆற்றலுக்கு இதனை ஒரு சான்றெனக் கொள்வது மிகையன்று. அடுத்த ஆண்டே 12 பேர் கொண்ட குழு இலண்டனில் அமைந்தது. அவருள் கிளார்க்சனும் ஒருவர்.

எதிர்த்தரப்பினரிடம் வலிய கருத்தொன்று இருந்தது. அடிமை வணிகமே நாட்டின் கடற்படைக்குக் கடலோடிகளைப் பயிற்றித் தரும் பள்ளி. அதனை ஒழித்தால் நாடு மெலியும் என்றனர். கிளார்க்சன் அதனைப் பழித்துரைத்து ஒதுக்கவில்லை. பிரிசுடல், இலிவர்ப்பூல் துறைமுகங்களுக்குச் சென்று கப்பல்களின் ஆட்பதிவேடுகளைப் புரட்டினார். 20,000க்கும் மேற்பட்ட கடலோடிகள் என்னவாயினர் எனத் திரட்டினார். பயிற்றும் பள்ளி எனப்பட்டது கடலோடிகளின் இடுகாடாக இருந்ததை அவ்வேடுகளே காட்டின. இலிவர்ப்பூல் கடையொன்றில் கைவிலங்கும் விரல்நெரி திருகும் விலைக்கிருக்கக் கண்டு, அவற்றையும் வாங்கிவந்து சான்றாக்கினார். அந்நகரின் கடற்பாலத்தில் ஒரு கும்பல் அவரைக் கடலில் தள்ள முயன்றதும் உண்டு. அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 1807இல்தான் நிறைவேறியது.

தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் இவ்வழியைப் பின்பற்ற இலிவர்ப்பூல் செல்ல வேண்டியதில்லை. 'இயற்கையைக் காப்போம்' என்னும் தலைப்பை விடுத்து, 'இவ்வூர்க் கண்மாயிலுள்ள சீமைக்கருவேல மரங்களை முற்றும் அகற்ற வேண்டுமா?' என அவர் வினவட்டும். 2017இல் உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டது என்பதை அனைவரும் எழுதிவிடுவர். இராமநாதபுரம் மாவட்டத்தில் இம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உள என்பதை எழுதுவோர் சிலரே. மரத்தை வேரொடு களைய வேண்டும் என்னும் கருத்துடைய மாணவர், கண்மாய்க்கரை உழவரைக் காணுமுன் அக்கரிமூட்டக்காரரைக் காணட்டும். ஓராண்டில் எத்தனை மூட்டம், மூட்டைக்கு என்ன விலை, மரம் இல்லையெனில் என்ன தொழில் என வினவி, அவர் சொல்வதைச் சொன்னபடியே குறித்துக்கொள்ளட்டும். கட்டுரையின் முதல் வரியை அதன்பின் எழுதலாம்.