தட்டும் குறிப்புக் கொப்பியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் அவுஸ்திரேலியாவில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கல்லூரித் தாயின் நூற்றாண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசலாம் என்று நாம் கூடி ஆலோசித்தபோது படிப்பு, பட்டம், பதவி எனப் பலவும் முன்வைக்கப்பட்டன. ஈற்றில் நாம் தெரிந்தெடுத்தது சமையலை. மனையியல் பாடத்துக்குக் கிடைக்காத மரியாதையை இன்றாவது கொடுப்போம் என்ற எண்ணமும் அதில் உண்டு.

அவுஸ்திரேலியர் இறைச்சியைச் சுட்டுத் தின்பவர்கள், அவர்களுக்கென்று சமையல் ஏது என்று இங்கே பலர் கேட்பதுண்டு. அவர்களது பழைய வீட்டுச் சமையல் பெரும்பாலும் போறணையைச் சுற்றியது. ஞாயிறு மதியம் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பூசணியும் ஒரே தட்டில் வேகும். கிழமை நாட்களில் பிஸ்கட், ஸ்கோன், கேக். காட்டுவழி மாடு சாய்த்துச் சென்றவர்கள் மா, உப்பு, தண்ணீர் மூன்றையும் பிசைந்து நெருப்புச் சாம்பலில் சுட்ட 'டம்பர்' என்ற ரொட்டி எமது ரொட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

அன்சாக் பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸ், கோதுமை மா, சீனி, தேங்காய்ப்பூ ஆகியவற்றை, உருக்கிய பட்டரும் கோல்டன் சிரப்பும் கொதிநீரில் கரைத்த அப்பச்சோடாவும் சேர்த்துப் பிசைந்து சுடுவார்கள். முட்டை சேராததால் நாட்பட இருக்கும். 1915இல் கலிப்பொலியில் போரிட்ட படையின் பெயர் அதற்கு. ஏப்ரல் 25இல் பல வீடுகளில் அதைச் சுடுவார்கள். குவீன்ஸ்லாந்தில் 1896 முதல் 1901 வரை ஆளுநராக இருந்த லமிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய கேக்கிலும் சொக்லட்டின் மேல் உலர்ந்த தேங்காய்ப்பூதான். தேங்காய்ப்பூவைக் கண்டதும் எமக்கு ஊர் ஞாபகம் வரும்.

கறியும் அங்கே புதிதல்ல. தஸ்மேனியாவில் 1860களிலேயே ஜோசப் கீன் என்பவர் கறித்தூள் தயாரித்து விற்றார். அந்த மஞ்சள் தூளைக் கொண்டுதான் பாட்டிமார் சொசேஜ் கறி வைத்தார்கள். அப்பிளும் முந்திரிகை வற்றலும்கூட அதில் விழும். தஸ்மேனியாவில் ஸ்கலொப் சிப்பியைக் கறியாக்கிப் பையில் அடைத்து விற்பார்கள். யாழ்ப்பாணத்துத் தூள் பழகிய நாக்கு அதைக் கறி என்று ஒத்துக்கொள்ளச் சற்று நாள் எடுக்கும். ஆனாலும் அது அவர்களது அம்மாவின் கறி.

இனி, நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம். அந்நாட்டில் பழைய அழைப்பிதழ்களில் 'பெண்கள் ஒரு தட்டுடன் வரவும்' என்று ஒரு வரி இருக்கும். தட்டு நிறையப் பலகாரத்துடன் வரவேண்டும் என்பது அதன் பொருள். அந்தத் தட்டுகளைக் கொண்டு பெண்கள் பெரிய காரியங்கள் செய்திருக்கிறார்கள். 1922இல் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கிய நாட்டுப்புறப் பெண்கள் சங்கம் ஸ்கோனும் தேநீரும் விற்றுச் சேர்த்த காசையும் கொண்டு, தூரத்து ஊர்த் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் நலநிலையங்கள் அமைய உழைத்தது. 1923இல் அடிலெய்டில் ஒரு கல்லூரிக்கு நிதி சேர்ப்பதற்காகப் பெண்கள் தம் வீட்டுச் சமையற் குறிப்புகளைத் திரட்டி 'கிறீன் அன்ட் கோல்ட்' சமையற் புத்தகத்தை வெளியிட்டார்கள். அது பதிப்புக்கு மேல் பதிப்புக் கண்டது. குசினியில் நின்ற பெண்கள் ஒரு கல்லூரிக்குத் தூணாக நின்றார்கள்.

தென் அவுஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கில் 1840களில் சிலேசியாவில் இருந்து வந்த ஜேர்மன் மொழி பேசும் மக்கள் குடியேறினார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவர்களது ஊர்ப் பெயர்கள் சட்டத்தால் மாற்றப்பட்டன. லூதரன் பாடசாலைகள் மூடப்பட்டன. இன்று அங்கே போனால் மொழி பெரும்பாலும் வீட்டை விட்டுப் போய்விட்டது. மேலே மாத்துருவல் தூவிய அவர்களது கேக்கும், புகையிட்ட சொசேஜும், ஊறவைத்த வெள்ளரிக்காயும் வெதுப்பகங்களிலும் சந்தையிலும் இருக்கின்றன. இதைக் காணும்போது எமக்கு ஆறுதலும் வருகிறது, பயமும் வருகிறது.

எழுதப்படாதவை என்னவாகின்றன என்பதையும் அதே நாட்டில் கண்டோம். கடி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஆதிக்குடிகள் விதை அரைத்த கற்கள் கிடைத்துள்ளன. சுமார் 30,000 ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். அம்மி பிடித்த கைகளுக்கு அந்தக் கற்கள் அந்நியமல்ல. ஆனால் குடியேறியவர்களின் சமையற் புத்தகங்களில் அப்பெண்களின் அறிவுக்கு இடம் கிடைக்கவில்லை. நிலத்தை இழந்தபோது அந்த அறிவில் பெரும்பகுதியும் சிதறிற்று.

எமக்கும் அதே ஆபத்து உண்டு. இடம்பெயர்வுகளில் எம்மில் பலர் வீட்டோடு சேர்த்து அம்மாவின் சமையற் கொப்பியையும் இழந்தோம். கொப்பியே இல்லாத அம்மாமாரும் பலர். அவர்களுக்கு எல்லாம் கண்ணளவு, கையளவு. ஒடியல் மாவை எத்தனை தரம் ஊறவைத்துப் பிழிந்தால் அதன் கயர் போகும், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைக்கும்போது எதை எவ்வளவு சேர்ப்பது, பனங்காய்ப் பணியாரத்துக்குக் களியை எந்தப் பதத்தில் இறக்குவது என்பவை எம்மில் மூத்தவர்களின் கைகளில்தான் இருக்கின்றன. ஆண்டுதோறும் அந்தக் கைகள் குறைகின்றன. கொழும்பில் பிறந்து சிட்னியில் குடியேறிய சார்மெயின் சொலமன் 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூலில் இலங்கைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. எங்கள் ஒவ்வோர் ஊரின் குசினியும் ஓர் அத்தியாயத்தில் அடங்குமா?

ஆகவே, இந்நூற்றாண்டில் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பழைய மாணவியும் ஓர் உணவை எழுதித் தாருங்கள். கையளவைக் கோப்பையிலும் கிராமிலும் அளந்து எழுதுங்கள். யார் சொல்லித் தந்தது, எந்த ஊர், எந்த நாளில் செய்வது என்பதையும் சேருங்கள். வயதான அம்மா சமைக்கும்போது பக்கத்தில் தராசுடன் நில்லுங்கள். அவர் ஏசினாலும் நில்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். தொகுத்து அச்சிடும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். வரும் பணம் கல்லூரி விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குச் சேரட்டும்.

லமிங்டன் செய்யும் விதத்தையும் அதில் சேர்ப்போம். எமது பிள்ளைகளுக்கு அதுவும் அம்மாவின் சமையல்தான்.