விமானக் கூரையில் ஒரு சாளரம்

கொழும்பிலிருந்து கண்டிக்கு மலையேறிச் செல்லும் புகையிரதப் பாதையில் உள்ளது கடுகண்ணாவை. அங்கே தேசியப் புகையிரத நூதனசாலை அமைந்திருக்கிறது. 1864ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கையில் முதற் புகையிரதம் ஓடியது. அதன் 150 ஆண்டு நிறைவை ஒட்டி, 2014ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்கள் அங்கே ஓய்வு கொள்கின்றன. அவற்றைக் காண வருவோர் வேண்டுவதெல்லாம், அவை அன்று இருந்தவாறே இன்றும் இருக்கவேண்டும் என்பதே. ஓடாத எஞ்சினில் பழைமையே பெருமை.

ஆயின், பழைய பொருள் ஒன்று இன்றும் தன் தொழிலைச் செய்யவேண்டுமெனில், அதைப் பேணும் முறை யாது? இக்கேள்விக்குத் துணி போர்த்த பழைய சிறு விமானங்களைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நம் நாட்டு வான்பயண வரலாறு அத்தகைய விமானமொன்றுடன் தொடர்புடையது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி, இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கியது டி ஹவிலண்ட் நிறுவனத்தின் புஸ் மொத் விமானம். அதைச் செலுத்தி வந்தவர் சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1932 அக்டோபர் 15ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற் பைகளை ஏற்றிச் சென்றதும் ஒரு புஸ் மொத் விமானத்திலேயே. பம்பாயிலிருந்து சென்னைக்கு அத்தபாலைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். ஐம்பதாண்டுகள் கழித்து, 1982இல், தமது 78ஆம் வயதில், டாட்டா அதே வழியில் மீண்டும் தனித்துப் பறந்தார். அப்போது அவர் செலுத்தியது, புஸ் மொத்துக்குப் பின் வந்த லெப்பர்ட் மொத் என்னும் பழைய விமானம். முதியவர் ஒருவரின் உயிர், முதிய விமானம் ஒன்றின் ஒவ்வோர் உறுப்பையும் நம்பியிருந்தது.

இவ்வகை விமானங்களில் இறக்கை ஆசனங்களுக்கு மேலே, கூரையை ஒட்டி அமைந்திருக்கும். ஆகவே கீழே உள்ள நிலத்தை நன்றாகக் காணலாம். மேற்புறம் மட்டும் மறைந்துவிடும். விமானம் இடப்புறம் திரும்புகையில் இடது இறக்கை தாழ்ந்து, தான் செல்லவிருக்கும் திசையையே விமானியின் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. அத்திசையில் வேறொரு விமானம் வருகின்றதா என்பதை அறிய வழி என்ன? கூரையில் வைத்த ஒளிபுகும் தகடுதான் வழி. கூரைச் சாளரம் அழகுக்காக அமைந்ததன்று. அது விமானியின் மூன்றாவது கண்.

அக்கண்ணுக்குப் பகை வெயில். ஆண்டுதோறும் மேலிருந்து காயும் வெயிலில் தகடு மஞ்சளாகும், பின்னர் மங்கும், பின்னர் நுண்ணிய கீறல்கள் வலைபோற் படரும். மலைநாட்டில் வெயிலோடு மழையும் சேர்கிறது. தகட்டின் ஓரத்தில் கசியும் நீர் உள்ளே இறங்கி, துணிக்கு அடியில் மறைந்துள்ள எஃகுக் குழாய்களைத் துருப்பிடிக்கச் செய்யும். மரச் சட்டங்களை உளுக்கச் செய்யும். அக்காலத்துப் பாற்பசையால் ஒட்டிய இணைப்புகளைத் தளர்த்தும். மேலே தெரிவது சிறு கசிவு. கீழே நிகழ்வது பெருங் கேடு. எனவே, சாளரத்தைக் கழற்றியவுடன் தேர்ந்த தொழிலாளர் முதலிற் பார்ப்பது தகட்டையன்று, அதன் கீழிருக்கும் சட்டத்தையே.

இனி, எந்தத் தகட்டை இடுவது? பழைய விமானங்கள் பலவற்றில் செலுலோயிட் வகைத் தகடுகளே இருந்தன. அவை எளிதில் தீப்பற்றுபவை. நாட்பட்டால் அமில ஆவியை வெளியிட்டுத் தாமும் அழிந்து, அண்டையிலுள்ளவற்றையும் அழிப்பவை. 1930களில் அக்ரிலிக் என்னும் தெளிந்த செயற்கைத் தகடு வந்தது. பேர்ஸ்பெக்ஸ் என்னும் பெயரில் அது பரவியது. நூதனசாலையில் நிற்கும் விமானத்துக்குப் பழைய தகடே உரியது எனலாம். பறக்கும் விமானத்துக்கு அவ்வாறு சொல்ல இயலாது. ஆகவே பழைய தகட்டின் வடிவையும் துளைகளின் இடங்களையும் காகிதத்திற் பதித்துக்கொண்டு, புதியதை அவ்வளவிலேயே வெட்டுகின்றனர். பழையது காற்றோட்டமுள்ள தனியிடத்திற் காக்கப்படுகிறது. இவ்வாறு செய்தால் வரலாறும் அழியாது. விமானியின் உயிரும் ஈடுவைக்கப்படாது.

புதிய தகட்டைப் பொருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. வெப்பம் ஏறும்போது அக்ரிலிக், எஃகைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு விரியும். 60 சென்டிமீற்றர் நீளமுள்ள தகடு, காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்குமிடையே 30 பாகை வேறுபாட்டை அடைந்தால், சட்டத்தைக் காட்டிலும் ஒரு மில்லிமீற்றர் அளவு மிகுதியாக நீளும். அதற்கு இடம் இல்லையெனில் தகடு வெடிக்கும். எனவே துளைகளைத் திருகாணியின் பருமனினும் சற்றுப் பெரிதாக இடுவர். திருகாணிகளை இறுக முடுக்காது, தகடு அசைவதற்குச் சிறிது தளர்வு விடுவர். வளைந்த கூரைக்கு ஏற்பத் தகட்டை மெல்லச் சூடாக்கியே வளைக்கவேண்டும். குளிர்ந்த தகட்டை வலிந்து மடக்கினால், அவ்வலிவு உள்ளே தங்கிப் பின்னொரு நாள் பிளவாக வெளிப்படும்.

துணிக்குப் பூசும் டோப் என்னும் மெருகெண்ணெயும் அதன் கரைப்பானும் தகட்டுக்கு நஞ்சு. ஆகையால் துணிவேலை முற்றும் முடிந்து உலர்ந்த பின்னரே சாளரம் ஏறும். அதைத் துடைப்பதற்குப் பெற்றோலும் ஆகாது. மென்மையான சவர்க்கார நீரும், தூசியைக் கழுவிய கையும் போதும். உலர்ந்த துணியால் தேய்ப்பவர், தூசியைக் கொண்டே தகட்டைக் கீறுகிறார். நிறுத்திய விமானத்தின் கூரைக்கு ஒரு துணிப் போர்வை இட்டால், வெயிலின் வேலையிற் பெரும்பகுதி நின்றுவிடும்.

பழைமையைப் போற்றுதல் என்பது பழைய பொருளில் எதையும் தொடாதிருத்தல் அன்று. எதனை மாற்றலாகாது, எதனை மாற்றியே தீரவேண்டும் என்று பகுத்தறிந்து, மாற்றியதை மறைக்காமற் குறித்து வைத்தலே போற்றுதல். ஒரு முழ அகலமுள்ள தகட்டின் முன் நிற்கும் தொழிலாளி, ஒவ்வொரு முறையும் அத்தீர்ப்பை வழங்குகிறார். அத்தீர்ப்பு சரியாக இருந்ததா என்பதை, வானில் இறக்கையைச் சாய்த்துத் திரும்பும் விமானி தலையை உயர்த்திப் பார்க்கும் அக்கணமே காட்டிவிடும்.