மண் எடுத்த கைகளுக்கு ஓர் அருங்காட்சியகம்



சிங்கப்பூரின் களிமண், செங்கல் மரபுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைப்பது பற்றிப் பேசப் பொங்கோலில் கூடியிருக்கிறோம். இங்குள்ள படகுத்துறையில் நின்றால் எதிரே தெரிவது புலாவ் உபின். 1851இல் ஒளிவிடத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு அந்தத் தீவின் கருங்கல்தான் போயிற்று. அங்கே கல் உடைத்த பள்ளங்களில் இன்று நீர் நிறைந்து பறவைகள் தங்குகின்றன. யாரும் போய்ப் பார்க்கலாம். களிமண் எடுத்த பள்ளங்களுக்கோ அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றைத் தூர்த்து, மட்டம் தட்டி, மேலே சாலைகளும் வீடுகளும் போட்டாகிவிட்டது. அதனால் நமக்கு முதல் வேலை கட்டடம் எழுப்புவதாக இருக்கக்கூடாது, சான்றுகளைத் திரட்டுவதாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் வரலாறு எங்கே தொடங்குகிறது? 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளையை மாரியம்மன் கோயிலை நிறுவியவராக எல்லாரும் அறிவோம். அதற்கு முன்பே அவர் தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தவர். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தவர். இளம் துறைமுகம் அத்தாப்புக் குடிசையிலிருந்து கல் வீட்டுக்கு மாறியதில் அவருடைய சூளைக்கும் பங்குண்டு.

அடுத்து செராங்கூன் சாலை. இன்று நகைக்கடையும் பூக்கடையுமாகக் களைகட்டும் அந்தப் பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. வீரமாகாளியம்மன் ஆலயத்தைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று முன்னோர் அழைத்ததும் அதனால்தான். அதே சாலையில் அரசு செங்கல் சூளையும் நடந்தது. உழைத்தவர்கள் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை இங்கே இருந்த அவர்கள் அறுத்த செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

அந்த உழைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வெட்டிய களிமண்ணை ஊறப்போட்டு, கல்லும் வேரும் பொறுக்கி, பதம் வரும்வரை பிசைய வேண்டும். அச்சில் மணல் தூவி, மண்ணை அறைந்து நிரப்பி, மேலே வழித்துவிட்டுக் கவிழ்க்க வேண்டும். இந்த ஊரின் மழையில் பச்சைக்கல் கரையாமல் காய வைப்பதே பெரும்பாடு. பிறகு காற்று போக இடம் விட்டு அடுக்கி, சூளை மூட்டி, ஆறவிட்டுப் பிரிப்பார்கள். கையால் அறுத்த பழங்கல்லில் சிலசமயம் விரல் தடம் அப்படியே வெந்து நிற்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவருக்கு அந்தக் கைதிகள் பூசியது சென்னைச் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்த ஆலயத்தைப் பார்ப்போர் பலர்; பூசிய கையை நினைப்போர் சிலரே.

எனவே இந்த மாநாட்டின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, பழைய கடைவீட்டைப் பிரிக்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் ஒவ்வொரு தளத்திலிருந்தும் சில கற்களை எடுத்து, இடமும் ஆண்டும் குறித்து வைக்க வேண்டும். இரண்டு, அடுக்குமாடிகளுக்கும் ரயில் சுரங்கத்துக்கும் நிலத்தைத் துளைக்கும்போது கிடைக்கும் மண் மாதிரிகளில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கல் எந்த மண் என்று பொருத்திப் பார்க்க வேறு வழியில்லை. மூன்று, சூளையில் உழைத்த தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரின் குரலையும் அவரவர் மொழியில், அவரவர் தொழில் சொற்களோடு இப்போதே பதிவுசெய்ய வேண்டும். நான்கு, ஜாலான் பஹாரில் 1940இல் கட்டப்பட்டு இன்றும் விறகில் எரியும் தாவ் குவாங் டிராகன் சூளையைப் போன்றவற்றோடு கைகோக்க வேண்டும். ரப்பர் பால் கிண்ணங்கள் வெந்த அந்தச் சூளையில் நம் பிள்ளைகள் கையில் சேறு படக் கற்கட்டும்.

பிற நாடுகளும் வழிகாட்டுகின்றன. இங்கிலாந்தின் கார்ன்வாலில் பழைய வெண்களிமண் தொழிற்கூடமே வீல் மார்ட்டின் அருங்காட்சியகமாகியிருக்கிறது. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம், தோண்டிய ஊரிலேயே நிற்கிறது. இடம் போய்விட்ட நமக்கு உழைப்பு கூடும். அதற்காகத் தயங்கினால், சூளைத் தீயை நேரில் அறிந்த கடைசித் தலைமுறையும் சொல்லாமலே போய்விடும்.

இன்றைய அமர்வுகள் ஒவ்வொன்றும் பாராட்டோடு நின்றுவிடாமல், யார் எதைத் திரட்டுவது, எங்கே பாதுகாப்பது, எப்போது முடிப்பது என்று முடிவெடுத்துக் கலைய வேண்டும் எனக் கேட்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.